இருபத்து நான்கு மூலைகள்

பர்கூர் கிரானைட் யார்டில்
அந்தக் கல்லின் பெயர் இருநூற்றுப் பதினேழு.
சிவப்புப் பெயின்ட், பட்டை பிரஷ்.
எழுதியவர் முனிரத்தினம்.
ஏழின் கால் மட்டும் கீழே வழிந்திருக்கும்.

கடல் தாண்டி உட்கார்ந்து வாங்குகிறவர்
விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்க
அதைத் திரையில் ஏற்றுவது என் வேலை.
ஆபீஸ் என்பது எடைமேடைக்கு மேலே ஒரு தகர அறை.
லாரி ஏறினால் மானிட்டர் நடுங்கும்.

கல்லைக் கணினிக்குச் சொல்வது எளிது.
முதலில் மூலைகள். எட்டு.
பூஜ்யத்தில் தொடங்கி ஏழு வரை.
பிறகு இன்னொரு வரிசை; அதில் இடமும் இல்லை, கல்லும் இல்லை,
மூலைகளின் எண்கள் மட்டும்:
பூஜ்யம் ஒன்று இரண்டு, பூஜ்யம் இரண்டு மூன்று
என்று மும்மூன்றாக.
பன்னிரண்டு முக்கோணம் சேர்ந்தால் ஒரு கல்.
முப்பத்தாறு முறை கூப்பிடுகிறோம்,
வருவது என்னவோ அதே எட்டுப் பேர்.
பந்திக்குப் பந்தி
அதே எட்டு டம்ளரைக் கழுவி வைப்பதுபோல.

எட்டாவது மூலைக்கு ஏழு என்று எழுத வேண்டும்.
முதல் நாள் கை பழக்கத்தில் எட்டு என்று எழுதிவிட்டது.
இல்லாத மூலையைத் தேடி
கல்லின் ஒரு முனை இழுபட்டு இழுபட்டு
திரையைத் தாண்டிப் போயிற்று.
"டோல்கேட்ல நிறுத்திடுவாங்க" என்றான்
கிரேன் ஓட்டும் சம்பங்கி.

அடுத்து ஒரு முகத்தையே காணோம்.
இடஞ்சுழியாகச் சொன்னால் முகம்,
வலஞ்சுழியாகச் சொன்னால் முதுகு.
முதுகை அது வரைவதில்லை.
ஓட்டை வழியே பார்த்தேன்,
கல்லுக்குள் கல் இல்லை.

எல்லாம் சரிசெய்து விளக்குப் போட்டு
முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்.
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு குனிந்தார்.
"இதுவா எங்க கல்லு?
ஒரு வாரம் தேய்ச்சுக் குளிச்ச சோப்பு."

உண்மைதான். விளிம்பே இல்லை.
எந்தப் பக்கம் பார்க்கிறது என்று
ஒவ்வொரு மூலைக்கும் ஒரு திசை உண்டு,
அதைக் கேட்டுத்தான் வெளிச்சம் விழும்.
மூன்று முகங்களுக்கும் மூலை ஒன்றே என்றால்
அது பாவம் மேலேயும் பார்க்காமல்
கிழக்கேயும் வடக்கேயும் பார்க்காமல்
நடுவில் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

அப்போது போன்.
காவேரிப்பட்டணத்திலிருந்து அண்ணன்.
"ஓடிபி வந்திருக்கு. எதுக்கு?"

கேஸுக்கு, ரேஷனுக்கு, கரண்ட் பில்லுக்கு,
அம்மாவின் பென்ஷனுக்கு, என் சம்பளக் கணக்குக்கு
எங்கள் வீட்டில் ஒரே எண்.
அது அவன் சட்டைப் பையில் இருக்கிறது.
செருப்பு என்றேன். எவ்வளவு என்றான். சொன்னேன்.
பிறகுதான் வாசித்தான், ஒவ்வொரு எண்ணாக,
கடைசி எண்ணை மட்டும் இழுத்து.
அதற்குள் நேரம் முடிந்திருந்தது.

மூலைகளைப் பிரித்தேன்.
எட்டு, இருபத்து நான்கு ஆயிற்று.
ஒரே இடத்தில் மூன்று புள்ளிகள்,
இம்மி விலகாமல்,
ஒன்று வானத்தைப் பார்த்து, ஒன்று ஊத்தங்கரைப் பக்கம்,
ஒன்று மலையைப் பார்த்து.
முப்பத்தாறு அப்படியேதான் இருந்தது.
நினைவகம் கொஞ்சம் கூடப் பிடிக்கும்,
முதலாளி கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

விளிம்பு வந்தது.
முனிரத்தினம் திரையில் விரல் வைத்து
வெடுக்கென்று எடுத்தார், வெட்டிவிடும் என்பதுபோல.
அப்புறம் கேட்டார்,
"ஏழுல பெயின்ட் வழிஞ்சிருக்குமே, அது எங்கே?"

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக் கடையில்
ஆதாரைக் கொடுத்து ஒரு சிம் வாங்கினேன்.
விலாசத்தில் அதே வீடு, அதே கதவு எண்.

கந்திகுப்பம் தாண்டும்போது வந்தது,
ஆறு இலக்கம், என் கையிலேயே.
பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்:
நான் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன்,
கடைசி எண்ணை மட்டும் இழுத்து.